மாணவர் சங்க அரங்குகளில் பங்க், நியூ வேவ்: ஒரு தொடக்க அறிமுகம்

பிரிட்டனில் 1976-க்கும் 1981-க்கும் இடையில் கல்லூரியில் படித்தவர்களிடம் அந்தக் கால இசையைப் பற்றிக் கேட்டால், அவர்களில் பலர் இசைத்தட்டுகளிலிருந்து பேச்சைத் தொடங்குவதில்லை. எந்த ஊர், எந்தக் கல்லூரியின் உணவுக்கூடம், முதலில் மேடையேறிய குழு எது, நுழைவுச்சீட்டு எத்தனை பென்ஸ், அறைக்குத் திரும்பக் கடைசிப் பேருந்து கிடைத்ததா என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். பங்க், நியூ வேவ் ஆகிய இரண்டு இசைப்போக்குகளும் ஒரு தலைமுறையின் மனத்தில் நேரடிக் கச்சேரிகளாகவே பதிந்திருக்கின்றன. இளமைக் காலத்தின் மீதுள்ள பற்று மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மாணவர்களுக்கு அரசு கொடுத்த படிப்புதவித் தொகை, மாணவர் சங்கங்களின் கையிலிருந்த பணம், அவற்றின் பொறுப்பிலிருந்த அரங்குகள் ஆகியவை இல்லாமல் இந்த இசை இவ்வளவு விரைவாக நாடெங்கும் பரவியிருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. இவ்விசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு அந்தப் பின்னணியை இயன்றவரை எளிமையாக விளக்க முயல்கிறேன்.

முதலில் பங்க் என்றால் என்னவென்று பார்ப்போம். 1970-களின் முற்பகுதியில் ராக் இசை மிகவும் பெருத்துப்போயிருந்தது. ஒரே பாடல் இருபது நிமிடம் நீளும். நடுவில் கிதார் கலைஞரும் டிரம்ஸ் கலைஞரும் நெடுநேரம் தனி ஆவர்த்தனம் செய்வார்கள். ரசிகர்கள் பெரிய அரங்கின் மறுகோடியில் உட்கார்ந்து அதைக் கேட்பார்கள். இதற்கு நேர் எதிரான ஒன்றை நியூயார்க்கின் பவரி பகுதியில் ஹில்லி கிறிஸ்டல் என்பவர் 1973 டிசம்பரில் திறந்த சிபிஜிபி என்ற சிறிய மதுக்கூடத்தில் மேடையேறிய குழுக்கள் செய்து காட்டின. அவற்றுள் ஒன்றான ரமோன்ஸ் 1976 ஏப்ரலில் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் 14 பாடல்கள் இருந்தும் மொத்த நேரம் அரை மணியைத் தாண்டவில்லை. கிதார் கலைஞர் ஜானி ரமோன் தந்திகளை மேலிருந்து கீழாக மட்டுமே, இடைவிடாமல், ஒரே வேகத்தில் மீட்டுவார். ஒரு பாடல் முடிந்த கணமே பேஸ் கிதார் கலைஞர் ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்று கத்த, அடுத்த பாடல் தொடங்கிவிடும். தனி ஆவர்த்தனத்துக்கு அங்கே இடமே கிடையாது. இப்படி வாசிப்பது கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், அந்த வேகத்தை ஒரு மணி நேரம் தளராமல் காப்பதற்கு மணிக்கட்டில் அசாத்திய வலிமை வேண்டும். அதே சமயம், மேதையாகப் பிறக்காதவர்களும் மேடையேறலாம் என்ற நம்பிக்கையையும் அது கொடுத்தது. 1977-இன் தொடக்கத்தில் பிரிட்டனில் ரசிகர்களே அச்சிட்ட சிறு இதழ் ஒன்று மூன்று கிதார் கார்டுகளை (chord: பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) படமாக வரைந்துகாட்டி, இனி நீங்களே ஒரு குழுவைத் தொடங்குங்கள் என்று வாசகர்களிடம் சொன்னது. அந்தப் பக்கம் இன்றுவரை பங்க் இசையின் அடையாளமாக மறுபதிப்பாகிக்கொண்டே இருக்கிறது.

நியூ வேவ் என்பது இதே வீட்டில் பிறந்த இளைய பிள்ளை. பங்க் என்ற பெயரைக் கேட்டாலே அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒதுங்கிக்கொண்ட நிலையில், ரமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ் ஆகிய குழுக்களின் தட்டுகளை வெளியிட்ட சையர் நிறுவனத்தின் சீமோர் ஸ்டைன் நியூ வேவ் என்ற பெயரை முன்னிறுத்தினார். பங்கின் சுருக்கத்தையும் விறுவிறுப்பையும் வைத்துக்கொண்டு, கீபோர்டு, நடனத் தாளம், ஜமைக்காவின் ரெகே இசை போன்றவற்றைச் சேர்த்துக்கொண்ட குழுக்களை இப்பெயர் குறிக்கலாயிற்று. பிளாண்டி, எல்விஸ் காஸ்டெலோ, எக்ஸ்டிசி, தி போலீஸ் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இடையில் கறாரான எல்லைக்கோடு எதுவும் இல்லை. அன்றைய ரசிகர்கள் ஒரே வாரத்தில் இரண்டு வகைக் குழுக்களையும் ஒரே அரங்கில் பார்த்தார்கள். டாக்கிங் ஹெட்ஸ் குழுவைத் தொடங்கிய டேவிட் பைர்ன், கிறிஸ் ஃபிரான்ட்ஸ், டீனா வேமவுத் ஆகிய மூவரும் ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கல்லூரிக்கும் இந்த இசைக்கும் உள்ள உறவு அமெரிக்காவிலும் இருந்தது. ஆனால் அது ஒரு நாடு தழுவிய ஏற்பாடாகவே இயங்கியது பிரிட்டனில்தான்.

அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது? 1962-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பிரிட்டனில் முதல் பட்டப்படிப்பு படித்த மாணவர்களின் கல்விக் கட்டணத்தை உள்ளாட்சிக் கல்வி அமைப்புகளே செலுத்தின. குடும்ப வருமானத்தைப் பொறுத்து, தங்கவும் உண்ணவும் உதவித்தொகையும் கிடைத்தது. அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடனன்று. மாணவர் சங்கத்துக்கான சந்தாவும் பொதுப்பணத்திலிருந்தே வந்தது. ஆகவே ஒவ்வொரு சங்கத்திடமும் கட்டடமும் குறைந்த விலை மதுக்கூடமும் ஓரளவு பணமும் இருந்தன. பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். எந்தக் குழுவை அழைப்பது, எவ்வளவு கொடுப்பது, நுழைவுச்சீட்டை என்ன விலைக்கு விற்பது என்பதையெல்லாம் இருபது வயதுகூட நிரம்பாத ஒருவர் முடிவு செய்த காலம் அது. பின்னாளில் பிபிசி வானொலியில் பெயர்பெற்ற ஆண்டி கெர்ஷா, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்தப் பொறுப்பில் இருந்தவர்தான். இங்கே பாலிடெக்னிக் என்று வரும் இடங்களைத் தமிழ்நாட்டின் பட்டயப் படிப்புக் கல்லூரிகளாக எண்ணிக் குழம்ப வேண்டாம். அவை பட்டப்படிப்பு நடத்திய பெரிய கல்வி நிறுவனங்கள். 1992-இல் பல்கலைக்கழகங்களாக மாறின.

பிரிட்டனின் முன்னோடிப் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் கச்சேரியே ஒரு கல்லூரியில்தான் நடந்தது. 1975 நவம்பர் 6 அன்று, லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் இருந்த செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியக் கல்லூரியில், வேறொரு குழுவுக்கு முன்னால் அவர்கள் சில பாடல்களை வாசித்தார்கள். பேஸ் கிதார் கலைஞர் கிளென் மாட்லாக் அக்கல்லூரி மாணவர் என்பதால் கிடைத்த வாய்ப்பு அது. நிகழ்ச்சி முடியுமுன்பே மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். இந்தக் கல்லூரி வேறொன்றுடன் இணைந்து சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் ஆன பிறகு, இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மாயா அருள்பிரகாசம் அங்கே திரைப்படக் கலை பயின்றார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவர் 2007-இல் வெளியிட்ட ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடல், தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் இசைத்துண்டின் மீதே கட்டப்பட்டது. பங்க் இசை நம்மவர் ஒருவரின் கைக்கு வந்துசேர்ந்த இந்த வழியை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

மாணவர்களின் பங்கை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி மான்செஸ்டரில் நடந்தது. போல்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இருவர் 1976 பிப்ரவரியில் ஓர் இசை வார இதழில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றிய விமரிசனத்தைப் படித்துவிட்டு, கார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தெற்கே சென்று, அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு ஊர்களில் அந்தக் குழுவைப் பார்த்தார்கள். ஊர் திரும்பியதும், அக்குழுவைத் தங்கள் பகுதிக்கு வரவழைக்கும் வேலையில் தாங்களே இறங்கினார்கள். ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் அரங்கில் கச்சேரி நடந்தது. நுழைவுச்சீட்டு 50 பென்ஸ். வந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர் என்பது பலரும் ஏற்கும் கணக்கு. தங்கள் சொந்தக் குழுவான பஸ்காக்ஸையும் அன்று மேடையேற்ற இருவரும் விரும்பியிருந்தார்கள். குழு தயாராகாததால் அந்த வாய்ப்பு ஜூலை 20 அன்று அதே அரங்கில் நடந்த இரண்டாவது கச்சேரிக்குத் தள்ளிப்போயிற்று.

ஜூன் 4 கச்சேரியின் பார்வையாளர்களுள் பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக் என்ற இரு நண்பர்கள் இருந்தார்கள். ஹுக் அடுத்த நாளே கடைக்குச் சென்று ஒரு பேஸ் கிதார் வாங்கினார். அவர்கள் தொடங்கிய குழுதான் பின்னர் ஜாய் டிவிஷன் ஆயிற்று. டெவோட்டோவும் ஷெல்லியும் அத்துடன் நிற்கவில்லை. நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28 அன்று நான்கு பாடல்களைப் பதிவு செய்து, 1977 ஜனவரியில் தாங்களே தொடங்கிய நியூ ஹார்மோன்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டார்கள். அந்தத் தட்டின் அட்டையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் சரியாக வந்தது, அதன்மேல் எத்தனை முறை கூடுதல் ஒலி சேர்க்கப்பட்டது என்பது அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரு தட்டு எப்படி உருவாகிறது என்ற தொழில் ரகசியத்தை இரண்டு மாணவர்கள் பிற மாணவர்களுக்குத் திறந்துவைத்த செயல் அது. பங்க் இசையை வெறும் கோபம் என்று ஒதுக்குபவர்களிடம் நான் முதலில் காட்ட விரும்புவது இந்த அட்டையைத்தான்.

1976 டிசம்பர் 1 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் ஒரு மாலைநேரத் தொலைக்காட்சி நேர்காணலில் கெட்ட வார்த்தைகளைப் பேசியதும் நாடு கொந்தளித்தது. தி கிளாஷ், தி டாம்ட், ஜானி தண்டர்ஸின் ஹார்ட்பிரேக்கர்ஸ் ஆகிய குழுக்களுடன் அவர்கள் மேற்கொள்ளவிருந்த பயணத்தின் பெரும்பாலான நிகழ்ச்சிகளை உள்ளூராட்சிகளும் அரங்க உரிமையாளர்களும் ரத்து செய்தார்கள். வேல்ஸ் நாட்டின் கேர்ஃபிலி ஊரில் திரையரங்கின் உள்ளே கச்சேரி நடக்க, வெளியே எதிர்ப்பாளர்கள் கிறிஸ்துமஸ் கீதங்கள் பாடினார்கள். பயணம் தொடங்க வேண்டிய இடம் நாரிச் நகரின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம். துணைவேந்தர் அந்நிகழ்ச்சியைத் தடை செய்ய, மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். இறுதியில் முதல் கச்சேரி டிசம்பர் 6 அன்று லீட்ஸ் பாலிடெக்னிக்கில் நடந்தது. அதைப் பார்த்தவர்களுள் அங்கே நுண்கலை பயின்ற கிரீன் கார்ட்சைடும் ஒருவர். அந்த இரவின் தாக்கத்தால் அவர் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற குழுவைத் தொடங்கினார்.

லீட்ஸ் நகரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் படிப்பும் கச்சேரியும் ஒன்றையொன்று வளர்த்ததை அங்கேதான் தெளிவாகக் காண முடிகிறது. லீட்ஸ் பல்கலைக்கழக நுண்கலை மாணவர்களான ஆண்டி கில், ஜான் கிங் இருவரும் 1976-இல் படிப்புக்கான உதவித்தொகையுடன் நியூயார்க் சென்று, ஓவியங்களைப் பார்த்ததோடு சிபிஜிபி மதுக்கூடத்துக்கும் போய்வந்தார்கள். ஊர் திரும்பி கேங் ஆஃப் ஃபோர் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுடன் படித்தவர்கள் தொடங்கிய மீகான்ஸ் குழுவிடம் தொடக்கத்தில் சொந்தக் கருவிகள் இல்லை. கேங் ஆஃப் ஃபோரின் கருவிகளையே இரவல் வாங்கி வாசித்தார்கள். ஆண்டி கில்லின் வாசிப்பு தனித்தன்மை கொண்டது. வால்வு ஆம்ப்ளிஃபையர் தரும் இதமான ஒலியை விலக்கி, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் வறண்ட, கூரான ஒலியை அவர் தேர்ந்தெடுத்தார். கிதார் விட்டுவிட்டு, வெட்டி வெட்டிப் பேசும். இடையில் விழும் மௌனத்தில் டிரம்ஸும் பேஸும் நடனத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். 1979-இல் வெளிவந்த அவர்களின் முதல் இசைத்தட்டைக் கேட்கும் எவரும், வகுப்பறையில் படித்த அரசியல் கோட்பாடுகள் தாளமாக மாறியிருப்பதை உணரலாம்.

பெண்களுக்கும் இந்த அரங்குகள் வழிவிட்டன. தி ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழுவை மேடையில் கண்ட ஜீனா பர்ச், ஹார்ன்சி ஓவியக் கல்லூரியில் தன்னுடன் படித்த ஆனா ட சில்வாவுடன் சேர்ந்து 1977-இல் தி ரெயின்கோட்ஸ் குழுவைத் தொடங்கினார். அதுவரை ராக் மேடையில் பெண் பெரும்பாலும் பாடகியாக மட்டுமே நின்றிருந்தாள். கிதாரும் பேஸும் பெண்களின் கைக்கு இவ்வளவு இயல்பாக வந்த காலம் அதற்கு முன் இருந்ததில்லை.

இனி, அப்படிப்பட்ட ஓர் இரவு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். பகலில் சாப்பாடு பரிமாறிய கூடத்தின் மேசைகளை மாலையில் சுவரோரம் அடுக்கிவிடுவார்கள். இருக்கைகள் கிடையாது; இது சிறிய விவரமன்று. 1977 மே மாதம் லண்டனின் ரெயின்போ திரையரங்கில் தி கிளாஷ் வாசித்தபோது, நின்று ஆட வந்த கூட்டம் இருக்கைகளையே பெயர்த்துப் போட்டது. மாணவர் அரங்கின் வெறுந்தரை இந்த இசைக்கு இயல்பாகவே பொருந்தியது. நெரிசலில் பக்கவாட்டில் அசைய இடமில்லாததால், நின்ற இடத்திலேயே மேலும் கீழும் குதிக்கும் போகோ என்ற ஆட்டம் பரவியது. மேடையில் இருப்பவர்கள்மீது எச்சில் துப்பும் அருவருப்பான பழக்கமும் இருந்தது. 1978-இன் தொடக்கத்தில் தி கிளாஷின் ஜோ ஸ்ட்ரம்மர் மஞ்சள் காமாலையில் விழுந்ததற்கு அதுவே காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. கச்சேரிக்குப் போகும் ஆவலை ஊட்டியது பெரும்பாலும் பிபிசி ரேடியோ ஒன்னில் ஜான் பீல் இரவு பத்து மணிக்கு மேல் நடத்திய நிகழ்ச்சி. அங்கே கேட்ட குழு சில வாரங்களில் தன் கல்லூரிக்கே வந்து நிற்கும் என்பது ஒரு மாணவருக்கு எவ்வளவு பெரிய பேறு!

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. சங்க அரங்குகளில் பெரும்பாலும் உறுப்பினர்களுக்கும் அவர்கள் கையெழுத்திட்டு அழைத்துவந்த விருந்தினர்களுக்கும் மட்டுமே அனுமதி. அதே ஊரில் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளைஞர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. கல்லூரிகளில் கச்சேரிகளைப் படமாக்கி ஒளிபரப்பிய ஒரு பிபிசி தொலைக்காட்சித் தொடருக்காக, 1978 அக்டோபரில் சரே பல்கலைக்கழகத்தில் தி ஸ்டிராங்லர்ஸ் குழுவினர் வாசித்தார்கள். ஊர் மக்களுக்கும் நுழைவுச்சீட்டுகளைப் பங்கிட்டுத் தர வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அது நடக்கவில்லை என்று தெரிந்ததும் சில பாடல்களோடு மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள். அவர்களின் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

மேடைக்கு வெளியே நடந்த அரசியலையும் சொல்லியாக வேண்டும். நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி வளர்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், இனவெறிக்கு எதிரான ராக் என்ற இயக்கம் 1976-இல் தோன்றி, பங்க் குழுக்களையும் ரெகே குழுக்களையும் ஒரே மேடையில் ஏற்றியது. 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து பெருங்கூட்டம் லண்டனின் விக்டோரியா பூங்காவுக்கு நடந்து சென்று, தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் குழு ஆகியோரின் இசையைக் கேட்டது. தெற்காசியர்கள் தெருவில் தாக்கப்பட்ட அக்காலத்தில் இது வெறும் கேளிக்கையாக இருக்கவில்லை.

ஒரு கச்சேரியை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். 1980 மே 2 அன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஹை ஹால் என்ற மாணவர் விடுதியில் ஜாய் டிவிஷன் வாசித்தது. அன்று அவர்கள் வாசித்தவற்றுள் ‘செரிமனி’ என்ற புதிய பாடலும் இருந்தது. பதினாறு நாள் கழித்து, மே 18 அன்று, பாடகர் இயன் கர்ட்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹை ஹாலே அக்குழுவின் கடைசி மேடையாயிற்று. அந்த இரவின் ஒலிப்பதிவு 1981-இல் வெளிவந்த ‘ஸ்டில்’ என்ற இசைத்தட்டுத் தொகுப்பில் இருக்கிறது. அதில் ‘செரிமனி’ பாடலில் கர்ட்டிஸின் குரல் ஆங்காங்கேதான் கேட்கும். எஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் அதைத் தங்கள் முதல் தட்டாகப் பதிவு செய்ய முனைந்தபோது, பாடலின் வரிகள் எழுத்தில் கிடைக்கவில்லை. பழைய ஒலிப்பதிவுகளைச் சம்னர், ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர் கருவியின் வழியே ஓடவிட்டு, தன் நண்பர் பாடிய சொற்களைக் காதால் பிரித்து எழுதிக்கொண்டார். ஒரு விடுதிக் கூடத்தில் பாடப்பட்ட பாட்டு இன்று நம் கைக்கு வந்திருப்பது இப்படித்தான்.

கடந்தவற்றை நினைவுகூர்பவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி இயல்பாக எழும். ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நிகழ்வுகளே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். முதன்முதலாக வீட்டை விட்டுத் தனியே வாழும் கல்லூரிப் பருவம் அதன் நடுவில் விழுகிறது. அதனால் நினைவு அழுத்தமாக இருக்கும். ஆனால் அழுத்தமான நினைவு துல்லியமாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. மான்செஸ்டரில் அந்த ஜூன் இரவில் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் அரங்கில் உண்மையில் இருந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவர்கள் எல்லோரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஜூன் கச்சேரியையும் ஜூலைக் கச்சேரியையும் ஒன்றாக்கிக்கொள்வது, பின்னர் படித்ததைப் பார்த்ததாக எண்ணிக்கொள்வது ஆகியவை யாருக்கும் நேரக்கூடியவை. நினைவைச் சரிபார்க்க வழிகள் உண்டு: கிழிந்த நுழைவுச்சீட்டின் மீதி, அன்றைய இசை வார இதழ்களில் வெளிவந்த நிகழ்ச்சிப் பட்டியல், யாரோ சட்டைப்பைக்குள் மறைத்து எடுத்துச்சென்ற கேசட் ரெக்கார்டரின் பதிவு. தேதியை இவை உறுதிசெய்யும். அங்கே நின்றபோது உடலில் பரவிய உணர்வை அறிய நேரில் இருந்தவரிடம்தான் கேட்க வேண்டும். அத்தகையவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள் என்பதால் கேட்டு எழுதிவைக்கும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று விரும்புபவர்களுக்கு, நேரடிப் பதிவுகளிலிருந்தே தொடங்கச் சொல்வேன். 1977 டிசம்பர் 31 அன்று ரெயின்போவில் ரமோன்ஸ் வாசித்த ‘இட்ஸ் அலைவ்’ பதிவில் 28 பாடல்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாடல்களுக்கு இடையில் ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்று எண்ணும் அந்தக் குரலைக் கவனித்துக் கேளுங்கள். அடுத்து, லண்டனின் ராக்ஸி மன்றத்தில் பதிவாகி 1977-இல் வெளிவந்த தொகுப்பைக் கேட்கலாம். வயர், தி அட்வர்ட்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், பஸ்காக்ஸ் முதலிய குழுக்கள் அதில் இருக்கின்றன. மேடையில் மட்டுமின்றிப் பார்வையாளர்கள் நின்ற இடங்களிலும் கழிவறையிலும்கூட ஒலிவாங்கிகளை மறைத்துவைத்துப் பதிவு செய்ததால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கூட்டத்தின் பேச்சும் சிரிப்பும் சச்சரவும் கேட்கும். அவற்றைத் தாண்டிச் செல்லாமல் முழுவதும் கேளுங்கள். அதன் பிறகு கேங் ஆஃப் ஃபோரின் முதல் தட்டு, டாக்கிங் ஹெட்ஸ் 1982-இல் வெளியிட்ட நேரடிப் பதிவுத் தொகுப்பு, இறுதியாக ‘ஸ்டில்’ என்ற வரிசையில் போனால், மூன்று கார்டுகளில் தொடங்கிய இசை ஐந்தே ஆண்டுகளில் எவ்வளவு தூரம் சென்றது என்பது காதுக்கே புலப்படும்.